சொட்டுநீர் கடைசி வரிசைக்கு எட்டவில்லை: கணக்கில் எங்கே தப்பு?

பாலக்கோட்டான்:
பாலக்கோடு பக்கம் ஒரு ஏக்கர் தக்காளிக்குச் சொட்டுநீர் போட்டேன். வரிசைக்கு வரிசை 5 அடி, டிரிப்பருக்கு டிரிப்பர் 40 செ.மீ., மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர். மேட்டுப்பக்கம் கடைசி வரிசைகளில் சொட்டே விழவில்லை, செடி துவண்டு நிற்கிறது. ஃபில்டரைக் கழுவிவிட்டேன், அடைப்பு இல்லை. போர் தண்ணீரில் 200 லிட்டர் டிரம் 40 வினாடியில் நிரம்பியது. 200-ஐ 40-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினேன், மணிக்கு 300 லிட்டர் வருகிறது. இது 75 டிரிப்பருக்குத்தானே காணும்? பாதித் தோட்டத்துக்கு மேல் நனைகிறதே!

ஏரிக்கரை:
தம்பி, அது நிமிடத்துக்கு 300. இன்னொரு 60 போடுங்க, மணிக்கு 18,000.

ராயக்கோட்டை விவசாயி:
அண்ணன் சொன்னது சரி. அடுத்தது டிரிப்பர் எண்ணிக்கை. அடியையும் செ.மீ.யையும் அப்படியே பெருக்கிவிடாதீங்க, இரண்டையும் மீட்டராக்குங்க. 5 அடி 1.524 மீட்டர், 40 செ.மீ. 0.4 மீட்டர். பெருக்கினால் ஒரு டிரிப்பருக்கு 0.61 சதுர மீட்டர். ஏக்கர் 4,047 சதுர மீட்டர், ஆக சுமார் 6,640 டிரிப்பர். மணிக்கு 26,560 லிட்டர் வேண்டும், இருப்பது 18,000. ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டு. மேட்டு வரிசை காய்வது அதனால்தான்.

கேட் வால்வு வைத்து இரண்டாகப் பிரிங்க, ஒரு பாதிக்கு 13,280 போதும்.

ஏரிக்கரை:
அவசரப்படாதீங்க. மோட்டார் போட்டதும் அளந்தீங்களா? போரில் தேங்கி நின்ற தண்ணீர் முதலில் வேகமாகத்தான் வரும். அரை மணி ஓடவிட்டு அளங்க. அதுவும் குழாய் வாய் திறந்து அளந்தது. சொட்டுநீரில் அழுத்தம் எதிர்க்கும், இன்னும் குறையும்.

பாலக்கோட்டான்:
மானம் போச்சு! அரை மணி கழித்து அளந்தால் டிரம் நிரம்ப 50 வினாடி, அதாவது 14,400. இரண்டாகப் பிரித்தும் கடைசி வரிசை இழுத்துக்கொண்டுதான் சொட்டியது. மூன்றாகப் பிரித்தேன், ஒரு பங்குக்கு 8,853. மணிக்கு 4 லிட்டர் என்றால் 3 நிமிடத்துக்கு 200 மில்லி. கடைசி டிரிப்பருக்குக் கீழே குழி தோண்டி 200 மில்லி டம்ளரை வைத்தேன், 3 நிமிடத்தில் விளிம்புக்கு ஒரு விரல்கடை குறை. பரவாயில்லை. என்ன, மும்முனை மின்சாரம் இருக்கும்போதே மூன்று முறை வால்வு திருப்ப ஓட வேண்டியிருக்கிறது. வீட்டில் டம்ளரைத் தேடுகிறார்கள்.