பின்னங்களை வரிசையாக எடுக்கும் நிரல் தப்பாக வருகிறது, உதவி தேவை

மாறிலி
0-க்கும் 1-க்கும் இடையே, பகுதி ஒரு வரம்புக்குள் இருக்கும் சுருக்கிய பின்னங்கள் எல்லாம் ஏறுவரிசையில் வேண்டும். முதலில் இரண்டு லூப் போட்டு, மீ.பொ.வ. 1 ஆக இருப்பதை மட்டும் சேர்த்து, கடைசியில் வரிசைப்படுத்தினேன். சின்ன வரம்புக்குச் சரி, பெரிய வரம்பு கொடுத்தால் மெமரி நிரம்பி நின்றுவிடுகிறது. அப்புறம் முந்தைய இரண்டு பின்னங்களை வைத்து அடுத்ததைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்துக்கு மாறினேன். விடை தப்பாக வருகிறது. சூத்திரமே தப்பா? கொஞ்சம் அவசரம்.

எண்விரும்பி
எந்த மொழியில் எழுதுகிறீர்கள்? வரம்பு எவ்வளவு? தப்பு என்றால் வரிசை தப்பா, பின்னங்கள் விடுபடுகின்றனவா? நிரலில் அந்தச் சூத்திரம் வரும் வரிகளைப் போடுங்கள்.

நிரல்தச்சன்
நிச்சயம் ஓவர்ஃப்ளோதான், எண் அதற்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டிவிடுகிறது. பெரிய வரம்பு என்கிறார், பெருக்கல் இருக்கிறது. 64 பிட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

எண்விரும்பி
@நிரல்தச்சன் இந்தச் சூத்திரத்தில் பெருக்கியதும் உடனே கழித்துவிடுகிறோம். இடையில் வரும் எண்கூட வரம்பின் இரண்டு மடங்கைத் தாண்டாது. வரம்பு லட்சமாக இருந்தாலும் 32 பிட் தாராளம்.

பழந்தமிழ்க்கணினி
தம்பி, கேட்பதற்கு முன்னால் அடிப்படையைப் படித்துவிட்டு வர வேண்டும். இது ஃபேரி தொடர். 1816-இல் ஃபேரி கவனித்துச் சொன்னார், கௌஷி நிரூபித்தார். அதற்கும் முன்பே 1802-இல் ஹாரோஸ் எழுதிவிட்டார். அடுத்தடுத்த இரண்டு பின்னங்களைக் குறுக்கே பெருக்கிக் கழித்தால் எப்போதும் 1 வர வேண்டும். முதல் நிரலிலும் டபுளாக (64 பிட் தசம எண்ணாக) வகுத்துத்தான் வரிசைப்படுத்தியிருப்பீர்கள். தசமத்தில் பின்னங்களை ஒப்பிடவே கூடாது, இதை எத்தனை முறை சொல்வது?

கிளைநிழல்
சூத்திரம் எதற்கு? ஸ்டெர்ன்-ப்ரோகோ மரம் போதும். 0/1, 1/1 இரண்டுக்கும் தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டினால் 1/2. இடப்பக்கம் போ, நடுவை அச்சிடு, வலப்பக்கம் போ. பகுதி வரம்பைத் தாண்டினால் திரும்பு. வரிசை தானாக வரும், மீ.பொ.வ. பார்க்கவே வேண்டாம். ஐந்து வரி ரிகர்ஷன் (தன்னையே திரும்ப அழைக்கும் நிரல்).

எண்விரும்பி
@பழந்தமிழ்க்கணினி ஐயா, "ஒப்பிடவே கூடாது" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வரம்பு 10000 என்றால் எந்த இரண்டு வெவ்வேறு பின்னங்களுக்கும் வித்தியாசம் குறைந்தது பத்துக் கோடியில் ஒரு பங்காவது இருக்கும். டபுளில் கிட்டத்தட்ட 16 இலக்கம் உண்டு. வரிசை மாறவே மாறாது. வரம்பு கோடிக்கணக்கில் போனால்தான் கவலை.

பழந்தமிழ்க்கணினி
32 பிட் ஃப்ளோட்டில் (டபுளைவிடக் குறைந்த இலக்கம் கொண்ட தசம எண்) 10000-க்கே உதைக்கும், அதையும் சொல்லுங்கள். இன்றைக்கு டபுள் என்று பழகியவர் நாளைக்கு ஃப்ளோட்டில் எழுதுவார். குறுக்குப் பெருக்கல் முழு எண்ணிலேயே முடிகிறது, ஒரு வரி கூடுதல், அவ்வளவுதான். பழக்கம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

நிரல்தச்சன்
ஃப்ளோட்டுக்குச் சரி, ஆனால் அவர் டபுள் பயன்படுத்தியதாகவே எங்கும் சொல்லவில்லையே.

பழந்தமிழ்க்கணினி
வேறு எதையும்தான் சொல்லவில்லை.

மாறிலி
மன்னிக்கவும், வெளியே போயிருந்தேன். வரம்பு 10000. சோதிக்க 5 கொடுத்தேன். 0/1, 1/5, 1/5, 1/5, 1/5 என்று அதுவே திரும்பத் திரும்ப வருகிறது. அச்சிடும்போது முழு எண்ணாக மாற்றித்தான் அச்சிடுகிறேன்.

எண்விரும்பி
இதைத்தான் கேட்டேன். சூத்திரம் சரி, உங்கள் வகுத்தலில்தான் கோளாறு.

இப்போதைய பின்னம் அ/ஆ, அடுத்தது இ/ஈ என்று வைப்போம்:

ம = (வரம்பு + ஆ) // ஈ
அ, ஆ, இ, ஈ = இ, ஈ, ம\*இ - அ, ம\*ஈ - ஆ

இதில் ம முழு எண்ணாக இருக்க வேண்டும், ஈவு மட்டும், மீதியை விட்டுவிட வேண்டும். நீங்கள் தசமமாக வகுத்தால் என்ன ஆகும்? ம-வை ஈ-யால் பெருக்கியதும் வரம்பு + ஆ அப்படியே திரும்பி வந்துவிடும், அதில் ஆ-வைக் கழித்தால் வரம்பு. அதாவது எந்தப் படியிலும் பகுதி வரம்பாகவே நிற்கும். உங்களுக்கு 5 நகராமல் நிற்பது அதனால்தான். தொகுதி 1.2, 1.4 என்று ஏறுகிறது, அச்சிடும்போது முழு எண்ணாக்குவதால் எல்லாம் 1 என்று தெரிகிறது. சி மொழியிலிருந்து பைத்தானுக்கு மாற்றினீர்களா? சி-யில் முழு எண்களுக்கு நடுவே ஒற்றைச் சாய்கோடு ஈவைத் தரும், பைத்தான் 3-இல் தசமத்தைத் தரும்.

ஈவு எடுத்தால்: (5+1)-ஐ 5-ஆல் வகுக்க 1, அடுத்தது 1/4. (5+5)-ஐ 4-ஆல் வகுக்க 2, அடுத்தது 1/3. பிறகு ஈவு 3, அடுத்தது 2/5.

கிளைநிழல்
மரத்தில் வகுத்தலே கிடையாது, இந்தப் பிழை வர வழியே இல்லை.

பழந்தமிழ்க்கணினி
இடது ஓரத்தில் 1/2, 1/3, 1/4 என்று 1/10000 வரை இறங்க வேண்டும். ஆழம் வரம்பு அளவுக்கே போகும். பைத்தானில் ரிகர்ஷன் எல்லை வழக்கமாக 1000. உங்கள் ஐந்து வரி அங்கேயே விழுந்துவிடும்.

கிளைநிழல்
எல்லையைக் கூட்டலாம், இல்லையென்றால் திரும்ப வேண்டிய இடங்களை நினைவில் வைக்க நாமே ஒரு ஸ்டேக் (அடுக்கு) வைத்துக்கொள்ளலாம்.

பழந்தமிழ்க்கணினி
நான்கு எண்களை நினைவில் வைத்தால் முடிகிற வேலைக்கு ஸ்டேக் எதற்கு?

மாறிலி
பைத்தான்தான். இரட்டைச் சாய்கோடு போட்டதும் சரியாகிவிட்டது, 5-க்கு 11 பின்னங்கள். நன்றி. 10000-க்கு ஓடுகிறது, ஆனால் எனக்கு 1/3 முதல் 1/2 வரை மட்டும் போதும். 0-இலிருந்துதான் வர வேண்டுமா?

எண்விரும்பி
வேண்டாம். 1/3-க்கு அடுத்த பின்னம் தெரிந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். இ-யை 3-ஆல் பெருக்கி ஈ-யைக் கழித்தால் 1 வர வேண்டும், ஈ 10000-க்குள் முடிந்தவரை பெரிதாக இருக்க வேண்டும். 3-ஆல் வகுத்தால் மீதி 2 வரும் எண்களில் பெரியது 9998, ஆக அடுத்தது 3333/9998. சரிபார்ப்பு: 9999 - 9998 = 1. இந்த இரண்டையும் கொடுத்து 1/2 வரும்வரை ஓட்டுங்கள், சுமார் 50 லட்சம் பின்னங்கள்தான்.

முழுத் தொடர் வேண்டுமென்றால் பட்டியலில் சேர்க்காமல் ஜெனரேட்டராக ஒவ்வொன்றாக எடுங்கள். 10000-க்கு மொத்தம் 3,03,97,487 பின்னங்கள். எல்லாவற்றையும் பட்டியலில் வைத்தால் மெமரி ஜிபி கணக்கில் போகும், உங்கள் முதல் நிரல் நின்றதும் அதனால்தான். இந்த எண்ணிக்கை சரியாக வந்தால் நிரலை நம்பலாம்.

புதுவரவு
இறங்குவரிசையில் வேண்டுமென்றால் சூத்திரத்தை மாற்ற வேண்டுமா?

எண்விரும்பி
வேண்டாம். 1/1, 9999/10000 என்று தொடங்குங்கள், மற்றதெல்லாம் அப்படியே.