புதுப்பிப்பு: சூடானதும் அணைந்துபோகும் பழைய பைக், காரணம் கண்டன்ஸர்

புதிதாக வாங்கிய பழைய பாயின்ட் வகை பைக் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் தொட்டு விலகும் இரண்டு உலோக முனைகள், அதாவது பாயின்ட், துண்டித்துப் பொறி உண்டாக்கும் வகை) குளிர்ச்சியாக இருக்கும்போது ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் அணைந்துவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பார்த்தேன், அது அடைத்தால் பெட்ரோல் இறங்காமல் வண்டி நின்றுவிடும். வண்டி நின்ற உடனே மூடியைத் திறந்தும் மாற்றம் இல்லை, அதனால் அது இல்லை. அப்புறம் 'நின்ற அந்த நிமிடமே பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பாருங்கள்' என்ற யோசனைதான் விஷயத்தை உடைத்தது: ஆறியிருக்கும்போது நீலமாகச் சுளீரென்று வரும் பொறி, சூட்டில் மஞ்சளாக நோஞ்சானாக வந்தது. பாயின்ட் கவரைத் திறந்து உதைத்தால் பாயின்ட்டிலேயே பொறி பறக்கிறது, அதன் முகமும் கருகிக் குழி விழுந்திருந்தது. பாயின்ட் விலகும்போது அங்கே பொறி பறக்காமல் தடுப்பது கண்டன்ஸர் (மின்தேக்கி) என்ற சிறு பாகம், அதுதான் கெட்டிருந்தது. கண்டன்ஸரையும் பாயின்ட்டையும் சேர்த்தே மாற்றி, பாயின்ட் இடைவெளியைக் கையேட்டில் உள்ள அளவுக்கு வைத்தேன். இடைவெளி மாறினால் டைமிங்கும் (பொறி வரும் நேரம்) மாறும், அதையும் சரிபார்க்க மறக்காதீர்கள். இப்போது எவ்வளவு சூடானாலும் நிற்கவில்லை. காயிலை (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) மாற்றச் சொன்னவர்களும் இருந்தார்கள், அது தேவைப்படவில்லை.

எதிர்பாராதது டயர். பட்டன் (தரையில் படும் பள்ளமேடு) எல்லாம் புதுசு போல இருந்தது, ஆனால் பக்கவாட்டில் 2309 என்று இருக்கிறது, அதாவது 2009இன் 23ஆவது வாரத் தயாரிப்பு! ரப்பர் கல் மாதிரி இறுகிவிட்டது. இரண்டையும் மாற்றும்வரை வண்டியை வெளியே எடுப்பதாக இல்லை.