ஆதரவு முடிந்த நாஸ் பெட்டியில் நான் போடாத கோப்புகள்: கடவுச்சொல்லை மாற்றியும் நிற்கவில்லை

ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

வணக்கம். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற நான், இப்போது எங்கள் மரண சகாய நிதிச் சங்கத்தின் பதிவேடுகளைக் கவனித்து வருகிறேன். சங்கத்தில் இரண்டு வன்தட்டுகள் கொண்ட பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியே பலர் கோப்புகளைப் பகிரும் சேமிப்புப் பெட்டி) ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களின் பாரங்கள் (படிவங்கள்), அடையாள அட்டை நகல்கள், வாரிசு விவரங்கள் எல்லாம் அதில்தான் உள்ளன. தோட்டத்து லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிக்கப்படுவதற்கு முன்பு பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்த ஒலிக்கோப்புகளும் அதில்தான் உள்ளன. அவர்களில் பலர் இன்று இல்லை.

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் கோவிட் காரணமாக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், செயலவையினர் வீட்டிலிருந்தே பாரங்களைப் பார்ப்பதற்காக, பெட்டியைப் பொருத்திக் கொடுத்தவர் ரவுட்டரில் ஒரு வழியைத் திறந்துவிட்டார். ஆணை முடிந்த பிறகும் அதை மூட யாருக்கும் தோன்றவில்லை. சென்ற வாரம், யாரும் பயன்படுத்தாத நள்ளிரவில் வன்தட்டு விளக்கு ஓயாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தால், பொதுக் கோப்புறையில் 'லோகோ.ஜேபிஜி.பிஎச்பி' என்ற பெயரில் நான் போடாத கோப்பு ஒன்று கிடந்தது; நுழைவுப் பதிவேடோ துடைத்தாற்போல் வெறுமையாக இருந்தது. உடனே நிர்வாகிக் கடவுச்சொல்லை நீளமாக மாற்றினேன். மறுநாள் இன்னொரு கோப்பு வந்திருந்தது. இந்த மாதிரிக்கான ஆதரவு முடிந்துவிட்டதென்றும் இனி ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் உள்மென்பொருள்) வெளிவராதென்றும் தயாரிப்பாளரின் பக்கம் சொல்கிறது.

கடவுச்சொல்லை மாற்றியும் எப்படி உள்ளே வருகிறார்கள்? தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தால் போதுமா?

நெட்வொர்க் பணியாளர், ஈப்போ

ஐயா, இதைப் படித்த கையோடு பெட்டியின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பிறகு ரவுட்டரில் அன்று வெளியிலிருந்து பெட்டிக்கு வழி திறந்துவிட்ட போர்ட் ஃபார்வர்டிங் விதியை அழித்து, கருவிகள் தாமாகவே அப்படி வழி திறந்துகொள்ள உதவும் யூபிஎன்பி வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் மூடிய வழியைப் பெட்டி தானாகவே மீண்டும் திறந்துகொள்ளக்கூடும்.

கடவுச்சொல் ஏன் உதவவில்லை என்பதைச் சற்று விளக்க வேண்டும். இத்தகைய பெட்டிகளின் நிர்வாகப் பக்கத்துக்குப் பின்னால், அமைப்புக் கோப்பையோ ஃபர்ம்வேரையோ ஏற்றுக்கொள்வதற்கென்று சிறு நிரல்கள் தனித்தனியாக இருக்கும். கோப்பை அனுப்புகிறவர் உள்நுழைந்தவர்தானா, கோப்பின் உள்ளடக்கம் அதன் பெயருக்குப் பொருந்துகிறதா, பெயருக்குள் வேறு கோப்புறைக்குத் தாவும் குறிகள் ஒளிந்திருக்கின்றனவா, கோப்பு போய் அமரும் இடம் நிரலாக இயங்கக்கூடிய இடமா என்பதையெல்லாம் ஒவ்வொரு நிரலும் தானே சோதித்தாக வேண்டும். பல பழைய பெட்டிகளில் முதல் சோதனையே விடுபட்டிருக்கும். ஆபீசு முன்வாசலில் ஜாகா (காவலாளி) விழிப்பாகத்தான் நிற்கிறார். ஆனால் ஸ்டோர் பக்கத்துக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. நீங்கள் மாற்றியது முன்வாசல் பூட்டை. அந்த நிரல் பெட்டியின் முழு அதிகாரத்தோடு இயங்குமானால், அதன் வழியே வந்த கோப்புக்கும் அதே அதிகாரம் கிடைத்துவிடும். இரட்டைப் பின்னொட்டு வைப்பதற்கும் இதுவே காரணம்: படம் என்று நம்பி உள்ளே விடும் சோதனையைத் தாண்டி, பிஎச்பி என்ற இணைய நிரல்மொழியின் நிரலாக இயங்குவதற்காகத்தான் அப்படிப் பெயர் வைக்கிறார்கள்.

உங்கள் பெட்டி எந்த நிறுவனத்துடையது என்று எனக்குத் தெரியாது. ஆனால் வெளிப்படையாகப் பதிவான உதாரணம் ஒன்று உண்டு. ஸைக்ஸெல் நிறுவனத்தின் நாஸ்326, நாஸ்542 ஆகிய மாதிரிகளுக்கான பாதுகாப்பு ஆதரவு 2023 டிசம்பர் 31இல் முடிந்தது. 2024 ஜூனில் வெளியான குறைகளில் சிவிஇ-2024-29974 என்ற பட்டியல் எண் கொண்டது கோப்புப் பதிவேற்ற நிரலில் இருந்தது. உள்நுழையாமலேயே, திட்டமிட்டுத் தயாரித்த அமைப்புக் கோப்பு ஒன்றை ஏற்றி, பெட்டியில் விரும்பிய கட்டளையை இயக்க அது இடங்கொடுத்தது. ஆதரவு முடிந்த பிறகும் அந்த நிறுவனம் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்வதில்லை. 2024 ஏப்ரலில் டி-லிங்க்கின் பழைய நாஸ் மாதிரிகளில் கட்டளை புகுத்தும் குறை வெளியானபோது, ஆதரவு முடிந்தவற்றை நீக்கி வேறு வாங்குமாறுதான் அறிவுறுத்தப்பட்டது.

ஆகவே, தயாரிப்பாளர் கடைசியாக வெளியிட்ட ஃபர்ம்வேரை ஏற்றி, மீட்டமைத்து, இனி அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து.

கணினி ஆசிரியை, கிள்ளான்

மேலே சகோதரர் எழுதியதில் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. முழு அதிகாரத்தோடு ஒருவர் உள்ளே வந்துபோன பெட்டியில், மீட்டமைக்கும் பொத்தானும் அவர் தொட்டிருக்கக்கூடிய அதே மென்பொருளால்தான் இயங்குகிறது. எது எஞ்சியிருக்கும் என்பதை வெளியிலிருந்து நம்மால் உறுதி செய்ய முடியாது. உள்நெட்வொர்க்கில் மட்டும் வைத்திருப்பதும் முழுக் காப்பு ஆகாது. அலுவலகக் கணினியில் ஒருவர் கெட்ட இணையப்பக்கம் ஒன்றைத் திறந்தால், அந்தப் பக்கம் உலாவியின் வழியாகவே உள்ளிருக்கும் பெட்டிக்குக் கோரிக்கை அனுப்ப முடியும். உள்நுழைவையே சோதிக்காத நிரல் அதையும் ஏற்றுக்கொள்ளும்.

2021 ஜூனில் டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) நிறுவனத்தின் மை புக் லைவ் சேமிப்புப் பெட்டிகள் இணையத்தின் வழியே தொலைவிலிருந்து மீட்டமைக்கப்பட்டு, உலகெங்கும் பலருடைய கோப்புகள் அழிந்தன. அவற்றுக்குக் கடைசிப் புதுப்பிப்பு வந்தது 2015இல். உங்கள் பெரியவர்களின் குரல்களை எண்ணித்தான் இதைச் சொல்கிறேன், ஐயா: பெட்டியை மீட்டமைப்பதற்கு முன்பு வன்தட்டுகளைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டு தட்டுகளிலும் ஒரே தரவு இருக்கும் ரெய்ட் 1 அமைப்பு என்றால், ஒன்றை அப்படியே உறையிலிட்டு, தேதி எழுதி, சான்றாக வைத்துவிடுங்கள். மற்றொன்றை லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிய கணினியில், படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் இணையுங்கள். பல நாஸ் பெட்டிகள் லினக்ஸ் கோப்பு முறையையே பயன்படுத்துவதால் பெரும்பாலும் திறந்துவிடும். ஒலி, படம், பிடிஎஃப் ஆகியவற்றை மட்டும் நகலெடுங்கள். அறிமுகமில்லாத கோப்பைச் சொடுக்கிப் பார்க்காதீர்கள். எடுத்த நகலையும் இரண்டாக்கி, ஒன்றைச் சங்கக் கட்டடத்துக்கு வெளியே வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. அடையாள அட்டை நகல்கள் வெளியே போயிருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களுக்கான மலேசியாவின் சைபர்999 சேவைக்குப் புகார் கொடுங்கள், உறுப்பினர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கேபிளை அன்றிரவே கழற்றிவிட்டேன். ரவுட்டரில் பார்த்தபோது, 2020இல் திறந்த வழியோடு, யூபிஎன்பி தானாகத் திறந்திருந்த இன்னொரு வழியும் இருந்தது. அதை நான் கனவிலும் நினைத்திருக்கவில்லை. என் தங்கை மகன் லினக்ஸ் ஏற்றிய மடிக்கணினியில் ஒரு தட்டைத் திறந்து கொடுத்தார். ஒலிக்கோப்புகள் அனைத்தும் முழுமையாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சிறிது நேரம் கேட்டுச் சரிபார்த்தேன். நான் போடாத கோப்புகள் மொத்தம் ஐந்து இருந்தன. அவற்றைத் திறக்காமல், தேதியையும் பெயரையும் குறித்துப் புகாரோடு இணைத்திருக்கிறோம்.

உறுப்பினர்களிடம் சொல்வதற்குத்தான் முதலில் தயங்கினேன். ஆனால் அந்த நகல்களை என்னை நம்பிக் கையில் கொடுத்தவர்கள் அவர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததை அப்படியே சொல்லி, அடையாள அட்டை எண்ணைச் சொல்லி யாராவது அழைத்துப் பணமோ வங்கி விவரமோ கேட்டால் பேச்சைத் துண்டித்துவிட்டு எங்களைக் கூப்பிடுமாறு கேட்டுக்கொள்ளப் போகிறேன். கூட்டத்துக்கு வர முடியாத முதியவர்களின் வீடுகளுக்கு நானே நேரில் போகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதம் இருக்கிறது: ரவுட்டரும் அதே வயதுடையதுதான். அதையும் மாற்ற வேண்டுமா?

நெட்வொர்க் பணியாளர், ஈப்போ

ஆசிரியை சொன்னது சரி. பெட்டியைப் பற்றிய என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைத் தயாரிப்பாளரின் ஆதரவு முடிந்தவை பட்டியலில் தேடிப் பாருங்கள், ஐயா. அதில் இருந்தால் கூட்டத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். செயலவையினர் மறுபடியும் வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமானால், புதிய ரவுட்டரில் விபிஎன் வசதி (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் மறையாக்கப்பட்ட தனிவழி) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பொருத்துவதற்கு ஒரு சனிக்கிழமை நான் வந்து போகிறேன்.