நீருந்து, ஏணியுந்து, மீட்புந்து: தீயணைப்பு வண்டிகளுக்குத் தனித்தனிப் பெயர் வேண்டும்

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையின் வண்டிகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய வண்டிகள் ஓய்வு பெற்றுப் புதியவை படையில் சேரும்போது என்னென்ன பார்த்து வாங்குகிறார்கள், ஒவ்வொன்றும் எந்த வேலைக்கு என்பதுதான் பொருள். இரண்டாம் பத்தியிலேயே கலைச்சொல் முட்டுக்கட்டையாக நிற்கிறது. அங்கே ‘எஞ்சின்’ என்பது ஒரு வண்டி. ‘லேடர்’ அல்லது ‘டிரக்’ என்பது வேறொரு வண்டி. ‘ரெஸ்க்யூ’ இன்னொன்று. தமிழில் மூன்றையும் ‘தீயணைப்பு வண்டி’ என்று எழுதிக் கடந்துவிடுகிறோம். ‘எஞ்சின் முதலில் வந்தது, டிரக் வர நான்கு நிமிடம் தாமதம்’ என்ற வரியைத் தமிழாக்கிப் பாருங்கள். ஒன்று ‘தீயணைப்பு வண்டி முதலில் வந்தது, தீயணைப்பு வண்டி வரத் தாமதம்’ என்று வரும். இல்லையென்றால் ‘எஞ்சின் வந்தது, லாரி வரவில்லை’ என்று வரும். இரண்டுமே பொருளற்றவை.

அந்த வரி உண்மையில் சொல்வது இது. எஞ்சின் குழுவின் வேலை தண்ணீர். தெருவோர ஹைட்ரண்டில், அதாவது தீயணைப்புக்கென்று தெருவில் நிறுத்திய நீர்க்குழாயில், குழாயை மாட்டி, நீளக் குழாயை மாடிப்படி வழியாக இழுத்துக்கொண்டு போய்த் தீயின்மேல் அடிப்பவர்கள் அவர்கள். லேடர் குழுவின் வேலை கட்டடம். கதவைப் பெயர்ப்பது, அறை அறையாக ஆள் தேடுவது, கூரையைத் திறந்து புகையை வெளியேற்றுவது, ஏணியை ஜன்னலுக்கு நிறுத்துவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆகவே ஏணி வண்டி தாமதம் என்றால், தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் உள்ளே இருப்பவரைத் தேட ஆள் இல்லை என்று பொருள். நகரில் ஏறத்தாழ 200 எஞ்சின் குழுக்களும் 140க்கு மேற்பட்ட லேடர் குழுக்களும் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே பெயருக்குள் அடைத்தால் கட்டுரையே எழுத முடியாது.

முதலில் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வருவதற்கு வெகுகாலம் முன்பே, கையால் அடித்து இயக்கிய நீரிறைக்கும் பொறிக்குத்தான் ‘தீயணைப்பு எஞ்சின்’ என்று பெயர். பொறி வண்டியில் ஏறிய பிறகு பெயர் வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது. மலேசியாவில் துறைக்கே ‘பொம்பா’ என்று பெயர். பம்பைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல் அது. ஆக இந்த வண்டியின் உயிர் பம்பில்தான் இருக்கிறது.

எஞ்சினுக்கு இதுவரை இந்த இழையில் வந்த பரிந்துரைகள் மூன்று: ‘இறைவண்டி’, ‘எக்கி வண்டி’, ‘நீர்தாங்கி வண்டி’. இறைவண்டி என்றதும் கோயில் வாகனம்தான் கண்முன் வருகிறது. எக்கி நல்ல சொல், அகராதிகளில் இடம் பெற்றதும்கூட. ஆனால் தனியாக நிற்கும்போது ‘எக்கி எட்டிப் பார்த்தான்’ என்ற வினையெச்சமாகவே பெரும்பாலோர் காதில் விழும். பம்புக்கு இலங்கை நண்பர் சொன்ன ‘பம்பி’ அங்கே பாடநூல் வழியாக நிலைத்த சொல்; அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை.

நீர்தாங்கி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுத் தீயணைப்புத் துறை புழங்கும் சொல் அது. நம்மூருக்கு அது மிகப் பொருத்தமானது. நம் தெருக்களில் ஹைட்ரண்டை நம்பி இறங்க முடியாது. வண்டியே தண்ணீரைச் சுமந்து வர வேண்டும். 4,500 லிட்டர் கொள்ளளவு இங்கே சாதாரணம். நியூயார்க் எஞ்சினின் தொட்டியோ 500 கேலன்தான், ஏறத்தாழ 1,900 லிட்டர். வீட்டுத் தீக்கு அவர்கள் முதலில் இழுக்கும் ஒன்றேமுக்கால் அங்குலக் குழாய் நிமிடத்துக்கு 180 கேலன், அதாவது சுமார் 680 லிட்டர் கொட்டும். கணக்கிட்டால் தொட்டித் தண்ணீர் 3 நிமிடத்துக்குக்கூடப் போதாது. அந்த இடைவெளிக்குள் ஓட்டுநர் ஹைட்ரண்டைத் திறந்து, குழாயை மாட்டி, தொட்டியிலிருந்து வரும் நீரை நிறுத்தி, தெருக்குழாய் நீருக்கு மாற்றிவிட வேண்டும். மேலே ஐந்தாம் மாடியில் குழாய்முனையைப் பிடித்திருப்பவருக்கு அழுத்தம் குறைந்த உணர்வே வரக்கூடாது. வண்டிப் பக்கவாட்டில் வரிசையாகப் பதித்த அழுத்தமானிகளைப் பார்த்தபடி, எத்தனை நீளக் குழாய் போயிருக்கிறது, எத்தனை மாடி ஏறியிருக்கிறது என்று மனக்கணக்குப் போட்டு விசையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. நகரத்தில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட ஹைட்ரண்டுகள் இருப்பதால்தான் தொட்டியைச் சிறிதாக வைத்துக்கொள்ள முடிகிறது. அந்த வண்டியை நீர்தாங்கி என்று அழைத்தால் அதனிடம் இல்லாத குணத்தைப் பெயராகச் சூட்டியதாகும். அது தாங்குவதில்லை, தள்ளுகிறது.

இங்கேதான் என் பரிந்துரை: நீருந்து.

பேருந்து, சிற்றுந்து, சரக்குந்து, மகிழுந்து என்ற வரிசையில் ‘உந்து’ ஏற்கெனவே வண்டியைக் குறிக்கும் ஈறாகிவிட்டது. இன்னொரு பக்கம், ‘கழிவுநீர் உந்து நிலையம்’ என்று சென்னையில் எழுதுகிறோம். அங்கே உந்துதல் என்பது பம்பு செய்யும் வேலை. நீருந்து என்ற சொல்லில் இரண்டும் ஒன்றாகின்றன. நீரோடு வரும் உந்து என்று பிரித்தாலும் சரி, நீரை உந்துவது என்று பிரித்தாலும் சரி, பொருள் தவறுவதில்லை. நான்கே எழுத்தில் வாய்க்கு எளிதாகவும் இருக்கிறது.

‘நீருந்து என்றால் தண்ணீர் லாரி என்று நினைத்துக்கொள்வார்களே’ என்று மதுரை அம்மா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் தண்ணீர் லாரிக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருக்கிறது. சென்னையில் யாரும் அதை வேறு சொல்லால் அழைக்கப்போவதில்லை. காலியான இடத்தில்தான் புதுச்சொல்லைக் குடியேற்ற வேண்டும். நீருந்து அப்படியொரு காலி இடத்தில் வந்து உட்காருகிறது. நீர்தாங்கியும் நீருந்தும் இரண்டுமே கலைச்சொற்பட்டியலில் இருக்கட்டும். சுமந்து வருவது நீர்தாங்கி, தெருநீரை எடுத்து விசையோடு தருவது நீருந்து. இரண்டு நகரங்களின் நீர்வழங்கலே வேறு. வண்டிப்பெயரும் வேறாக இருப்பதுதான் முறை.

இந்த வழியில் போனால் மற்றவை எளிதில் கிடைத்துவிடுகின்றன. ஏணி வண்டி ஏணியுந்து. மீட்புக் கருவிகளோடு வரும் ரெஸ்க்யூ மீட்புந்து. நியூயார்க்கில் முதல் மீட்புக் குழு 1915இல் தொடங்கியது. இன்று ஐந்து பெருநகரப் பகுதிகளுக்கும் ஒவ்வொன்றாக ஐந்து குழுக்கள். சோதித்துப் பார்க்க ஒரு வரி: மன்ஹாட்டன் 8வது அவென்யூவில் ஒரே நிலையத்தில் எஞ்சின் 54, லேடர் 4 இரண்டும் இருக்கின்றன. ‘நீருந்து 54, ஏணியுந்து 4’ என்று எழுதினால் படிப்பவருக்கு எது எதற்கு என்று விளக்கவே வேண்டாம். ‘கம்பெனி’ என்று அவர்கள் சொல்வதை நிறுவனம் ஆக்கிவிடாதீர்கள், அது குழு.

ஏணியுந்துக்குள் உட்பிரிவுகள் உண்டு. நேரான 100 அடி ஏணி ஒன்று. நுனியில் ஆள் நிற்கும் கூடை பொருத்தியது இன்னொன்று. அதை அவர்கள் டவர் லேடர் என்கிறார்கள், 75 அடியும் 95 அடியும் உண்டு. இதற்கு ‘தூக்குமேடை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். தூக்குமேடை நம் மொழியில் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். உயிர்காக்கும் வண்டிக்கு அந்தப் பெயர் ஒரு நாளும் கூடாது. கூடையேணி போதும். பின்லாந்தில் தயாராகிச் சென்னைக்கு வந்த பிராண்டோ ஸ்கைலிஃப்ட் போன்றவற்றுக்கும் இதே சொல் பொருந்தும். செய்தித்தாள்கள் அரை வரி நீளத்துக்கு எழுதும் தொடர் இதனால் குறையும்.

எனக்கு மிகப் பிடித்தது டில்லர். முன்பாதி இழுவை வண்டி, பின்பாதி நீண்ட ஏணி. பின்சக்கரங்களைத் திருப்ப வண்டியின் வால்பக்கம் தனியாக ஓர் ஆள், தனி ஸ்டீரிங்கோடு. ஒடுக்கமான தெருமுனையில் முன்னவர் இடப்பக்கம் ஒடிக்கும்போது பின்னவர் எதிர்ப்பக்கம் ஒடித்துப் பின்பாதியைக் கொண்டுவந்து சேர்க்கிறார். நான்கு மாட வீதியின் மூலையில் தேரைத் திருப்ப முட்டுக்கட்டை போடுகிறவரின் கவனம் அவருக்கு வேண்டும். டில்லர் என்பதே படகின் சுக்கானைத் திருப்பும் பிடியின் பெயர். நம்மிடம் சுக்கான் இருக்கிறது, கடற்கரையில் இன்றும் வழங்குகிறது. பின்சுக்கான் ஏணியுந்து, அதை ஓட்டுபவர் பின்சுக்கானர். ‘பின்திருப்பி’ என்ற மாற்றுப் பரிந்துரையில் வேலை தெரிகிறது, ஆனால் ஆள் தெரியவில்லை.

வண்டிமேல் நிலையாகப் பொருத்திப் பெருவிசையில் நீர் அடிக்கும் கருவிக்கு ‘நீர்ப்பீரங்கி’ என்று பலர் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைக் கூட்டம் கலைக்கும் காவல்துறை வண்டிக்கு நாளிதழ்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. போராட்டச் செய்தியையும் தீவிபத்துச் செய்தியையும் ஒரே சொல் சுமக்க வேண்டியதில்லை. சிவிறி என்ற சொல்லை மீட்டெடுக்கலாம். பரிபாடலில் வையை நீராடப் போகிறவர்கள் கையில் எடுத்துச் செல்லும் நீர்வீசு கருவி அது. விளையாட்டுக் கருவியின் பெயரைத் தீக்கு எதிரான கருவிக்குக் கொடுப்பதா என்று தயங்குவோர் இருக்கலாம். எனக்குத் தயக்கமில்லை. நீரைக் குழலுக்குள் அடக்கி வீசுவது என்ற வேலை மாறவில்லை, அளவுதான் மாறியிருக்கிறது.

அளவு என்றதும் ஒன்று. நியூயார்க்கில் 1965இல் ‘சூப்பர் பம்பர்’ என்று ஒன்று படையில் சேர்ந்தது. நேப்பியர் டெல்டிக் என்ற 2,400 குதிரைத்திறன் பொறி, நிமிடத்துக்கு 8,800 கேலன், அதாவது 33,000 லிட்டருக்கு மேல். 1982 வரை ஓடியது. இதைப் பெருநீருந்து என்று எழுதியிருக்கிறேன். அதோடு சுற்றிவந்த குழாய்-சிவிறி வண்டிகளுக்கு ‘சேட்டிலைட்’ என்று பெயர். இன்றும் அந்தப் பெயரில் வண்டிகள் இருக்கின்றன. துணைக்கோள் என்று யாரேனும் மொழிபெயர்ப்பதற்குள் துணையுந்து என்று பதிந்துவிடுவோம்.

இப்போது வரும் புதுவகைதான் அவசரமாகப் பெயர் கேட்கிறது. பெர்லினிலும், 2022இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஹாலிவுட் 82ஆம் நிலையத்திலும் மின்கலத்தில் ஓடும் ரோசன்பாவர் நிறுவன வண்டிகள் பணியில் சேர்ந்தன. தமிழ்ச் செய்திகளில் ‘மின் தீயணைப்பு வண்டி’ என்று வருகிறது. இடைவெளி இல்லாமல் எழுதினால் மின்தீயை அணைக்கும் வண்டி என்றாகிவிடும். மின்கசிவுத் தீக்குத் தண்ணீரே அடிக்கக்கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் நாட்டில் இந்தக் குழப்பம் ஆபத்தானது. மின்கல நீருந்து என்றால் ஐயமில்லை. நீண்ட நேரம் பம்பு செய்ய வேண்டியிருந்தால் கைகொடுக்க அதில் ஒரு டீசல் பொறியும் இருக்கிறது. ஆகவே ‘முழுமின்’ என்ற அடைமொழியைத் தவிர்க்கவும்.

கடைசியாக, இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். ‘அவசர ஊர்தி’ என்பது தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸுக்கு உரியதாகிவிட்டது. இலங்கையில் ஆம்புலன்ஸ் ‘நோயாளர் காவு வண்டி’. காவுதல் என்றால் தோளில் சுமத்தல், காவடியில் இருக்கும் அதே சொல். ஆயினும் ‘காவு கொடுத்தல்’ மட்டும் மிஞ்சியிருக்கும் தமிழ்நாட்டு வாசகர் திடுக்கிடுவார். ஆகவே இரண்டு நாட்டுக்கும் பொதுவாக வழியுரிமை ஊர்தி என்று வைக்கலாமா? சாலையில் மற்றவர் வழிவிட்டே ஆக வேண்டிய வண்டி என்பதுதான் இவற்றின் பொதுத்தன்மை. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இவ்வகை வண்டிக்கு வழிவிட மறுத்தால் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கிறது. பெயரிலேயே அந்தக் கடமை இருந்தால், வண்டியின் முன்நெற்றியில் எழுதியிருப்பதைப் படிப்பவர் ஒதுங்கக் கூடுதலாக ஒரு காரணம் கிடைக்கும்.

சிங்கப்பூரின் சிறிய தீயணைப்பு வண்டிக்கு வைத்த ‘ரெட் ரைனோ’ போன்ற இடுபெயர்களை அப்படியே விடுவோம். வகைப்பெயர் வேண்டுமென்றால் சிறுநீருந்து வேண்டாம், அது எப்படி ஒலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குறுநீருந்து என்று எழுதுங்கள்.

எனக்கு விடை கிடைக்காதது ‘ஸ்க்வாட்’. நீருந்தாகவும் வேலை செய்யும், தேவைப்பட்டால் மீட்புக்கும் ஏணிக்குழு வேலைக்கும் கைமாறும் குழு அது. ‘பன்வினைக் குழு’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. தீயணைப்புத் துறையில் பணியாற்றியவர்கள் குழுமத்தில் இருந்தால், எல்லா வேலைக்கும் அனுப்பப்படும் வண்டியை நிலையத்தில் என்ன சொல்லி அழைப்பீர்கள் என்று எழுதுங்கள். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்.