அமுக்குவானும் ‘பாராநார்மல்’ என்ற சொல்லும்

தேர்வுக்காக இரண்டு இரவுகள் கண்விழித்துவிட்டு, மூன்றாம் நாள் விடியற்காலையில் விடுதி அறையில் மல்லாந்து படுத்திருந்தபோது எனக்கு அது நேர்ந்தது. கண் திறந்திருந்தது; மின்விசிறி சுழல்வதும் கொடியில் கிடந்த லுங்கி ஆடுவதும் தெளிவாகத் தெரிந்தன. சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. மார்பின்மேல் யாரோ முழங்காலை ஊன்றி அமர்ந்திருப்பதுபோல் மூச்சு முட்டியது. அறைத்தோழனைக் கூப்பிட்டேன், குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

பிறகு கேட்ட அவன், “பாராநார்மல்டா” என்றான். விடுமுறையில் ஊரில் சொன்னபோது ஆச்சி வியக்கவே இல்லை. “அமுக்குவான் பேய்தான், தலைமாட்டுல இரும்பு வச்சுக்கிட்டுப் படு” என்று தம் பழைய பாக்குவெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

பாராநார்மல் என்பதை நாம் யோசிக்காமல் ‘அமானுஷ்யம்’ என்று எழுதிவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். ‘பாரா’ என்னும் கிரேக்க முன்னொட்டுக்குப் பக்கத்தில், அப்பால் என்று பொருள். ஆகவே, நாம் இயல்பென்று அறிந்தவற்றுக்கு அப்பால் நிற்பதாக, அறிவியல் விளக்கத்துக்குள் அடங்காததாகக் கருதப்படுவதை அச்சொல் குறிக்கிறதே தவிர, அதைச் செய்தது யார் என்று அது சொல்வதில்லை. அமானுஷ்யமோ, ‘மனிதருக்கு உரியதன்று’ என்னும்போதே பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறது. ஆச்சியின் சொல்லில் அந்த இழுபறியே இல்லை. பேயின் பெயரிலேயே அதன் தொழிலும் இருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவர் இதை உறக்க வாதம் என்றார். கனவில் ஓடினால் உடலும் எழுந்து ஓடிவிடாதபடி, கனவு மிகுந்த உறக்க நிலையில் மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தக் கட்டு அவிழுமுன் விழிப்பு வந்துவிட்டால், கண்முன் அறையும் கனவின் மிச்சமும் ஒருசேர நிற்க, உடல் மட்டும் கிடந்தபடி கிடக்கும். தூக்கம் கெடுவதும் மல்லாந்து படுப்பதும் இதற்கு இடம் கொடுக்கின்றன. ஜப்பானியர் இதையே ‘கனாஷிபாரி’ என்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மார்பில் ஏறி அமர்பவள் ஒரு கிழவி.

விளக்கம் கிடைத்துவிட்டதால், கறாராகப் பார்த்தால் என் அனுபவத்தைப் பாராநார்மல் என்று சொல்ல இடமில்லை. ஆனால் அந்த விடியற்காலையில் எனக்குப் பொருத்தமாகப் பட்டிருக்கக்கூடியது ஆச்சியின் சொல்தான். இதுபோன்ற தங்கள் அனுபவத்தை இங்கே எழுதுவோர், முந்தைய இரவு எவ்வளவு நேரம் உறங்கினீர்கள், எப்படிப் படுத்திருந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு இரண்டாம் முறை வந்தபோதும் மல்லாந்துதான் கிடந்தேன். பாக்குவெட்டியும் தலைமாட்டில்தான் இருந்தது.