பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் தம்பி திருவிருந்துக்கு வர மறுக்கிறான்

கேள்வி:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். என் தம்பி வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் கல்லாப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருக்கிறான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. போன வருடம் லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள்) ஒரு பிரசங்கம் கேட்டுவிட்டு அவனாகவே முதலாளியிடம் போய்ச் சொன்னான், பணத்தையும் கட்டினான். முதலாளி மன்னித்து வேலையிலும் வைத்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது இவன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், தகுதியில்லாமல் திருவிருந்தில் பங்குபெறுகிறவன் தனக்கு ஆக்கினைத்தீர்ப்பைத் தேடிக்கொள்கிறான் என்கிற 1 கொரிந்தியர் 11:29-ஐக் காட்டுகிறான். "பரிசுத்த ஆவியானவர் என் பாவத்தை இன்னும் உணர்த்திக்கொண்டே இருக்கிறார் அக்கா" என்கிறான். இது ஆவியானவர்தானா?

பதில் 1:
அக்கா, லெந்து நாட்களில் அவனிடம் பேசியவர் ஆவியானவர்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தப் பாவம், யாரிடம் போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைச் செய்தும் முடித்தான். இப்போது கேட்கும் குரல் என்ன செய்யச் சொல்கிறது என்று அவனிடமே கேளுங்கள். கட்டாமல் விட்ட தொகை ஏதாவது இருந்தால் கட்டட்டும். சொல்ல ஒன்றும் இல்லாமல் "நீ திருடன், நீ திருடன்" என்று மட்டும் சொன்னால், வெளிப்படுத்தல் 12:10-ல் இரவும் பகலும் சகோதரர்மேல் குற்றஞ்சாட்டுகிறவன் யார் என்று எழுதியிருக்கிறது, அது சாத்தான்.

அவன் காட்டுகிற அதிகாரத்தை 20-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். கொரிந்து சபையில் திருவிருந்துக்குக் கூடியபோது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். இந்த நிருபத்தை எழுதிய பவுல் கண்டிப்பது அதைத்தான். மனம் நொறுங்கி நிற்கிறவனை விரட்டுவதற்கு எழுதியதல்ல. 28-ஆம் வசனம் தன்னைச் சோதித்தறிந்து "புசித்து" என்றுதான் போகிறது, சோதித்துவிட்டு விலகி நில் என்று அல்ல.

அப்புறம் 2 கொரிந்தியர் 2. அதே சபையில் தண்டிக்கப்பட்ட ஒருவனை மன்னித்து ஆறுதல்படுத்துங்கள், இல்லாவிட்டால் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோவான் என்கிறார் பவுல். நாலு வசனம் தாண்டி, சாத்தானாலே நாம் மோசம்போகாதபடிக்கு என்கிறார். அளவுக்கு மீறிய துக்கமும் சாத்தானுக்கு வசதிதான். நம் சபைகளில் இதைச் சொல்லிக் கேட்பது அபூர்வம், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பதில் 2:
நல்ல பதில். ஆனாலும் கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்கிற ரோமர் 8:1-ஐச் சொல்லி அவனை அவசரப்படுத்த வேண்டாம். உணர்த்துதலை அமுக்கிவைத்தால் என்ன ஆகும் என்று சங்கீதம் 32-ல் தாவீது சொல்கிறார்: எலும்புகள் உலர்ந்துபோயின. மறைத்தது வேறு ஏதாவது இருக்கிறதா என்று அன்பாக ஒருமுறை கேளுங்கள். இல்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்பத் தோண்ட வேண்டாம்.

பதில் 3:
சகோதரி, தம்பி சரியாகத் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா? சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1505-ல் ஜெர்மனியின் எர்ஃபர்ட் மடத்தில் துறவியாகச் சேர்ந்தவர். அங்கே ஒரே பாவங்களை மணிக்கணக்காக அறிக்கை செய்தும் சமாதானம் கிடைக்காமல் தவித்தார். அவரைக் கிறிஸ்துவின் காயங்களைப் பார்க்கச் சொன்னவர் அவருடைய துறவற சபைத் தலைவர் ஸ்டௌபிட்ஸ். தம்பிக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் தேவை. ஆயரிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. சாக வேண்டும் என்று பேசினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தூக்கம் கெட்டுத்தான் இருக்கிறது, மருத்துவரிடம் நேரம் கேட்கிறேன். வேறு எதையும் மறைக்கவில்லை என்று நேற்றே சொல்லிவிட்டான். ஆயரைச் சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். 2 கொரிந்தியர் 2-ஐ அவர் வாயால் வாசித்தால் நன்றாக இருக்கும், நான் சொன்னால் அக்கா பாசத்தில் சொல்கிறாள் என்பான்.