பட்டாளத்துப் பாட்டனைத் தேடும்போது

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

கும்பினிப் பட்டாளத்தில், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில், இருந்த முன்னோரைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எந்தச் சண்டைக்குப் போனார் என்பதுதான். சாதாரணச் சிப்பாயின் பெயர் சண்டைக் குறிப்புகளில் ஏறுவது அபூர்வம். அவருடைய சம்பளம் எந்த வழியில் போனது என்று பாருங்கள். குடும்பம் அங்கேதான் கண்ணில் படும்.

சிப்பாய்க்கு மாதம் 7 ரூபாய். சாப்பாடு அவர் செலவு, உடுப்பில் ஒரு பங்கும் அவர் தலையில். தங்குவதற்கு அரசு கட்டிய வீடு கிடையாது. லைனில் (சிப்பாய்கள் குடியிருக்கும் வரிசையில்) குடிசை போட்டுக்கொள்ள ஒரு தொகை கொடுப்பார்கள், அவ்வளவுதான். கம்பெனிக்கு மாகாணத்துக்கு ஒரு படை இருந்தது. வங்காளப் படையில் மனைவி மக்களை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது வழக்கம். சென்னைப் படையில் குடும்பமே கூட வந்தது. ரெஜிமெண்ட் இடம் மாறினால் மனைவி, குழந்தைகள், வயதான தாய் எல்லோரும் மாட்டுவண்டியோடு பின்னால் நடந்தார்கள். வழியில் காலரா வந்தால் சிப்பாய்க்கு வந்தது குடும்பத்துக்கும் வந்தது. அந்த 7 ரூபாயில் இத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதை மறக்கவே கூடாது.

கடல் கடந்து போகும்போதுதான் குடும்பம் பிரிந்தது. 1824-இல் பர்மாப் போருக்குப் போனவர்களில் நோயில் செத்தவர்களே அதிகம். கப்பலேறுமுன் சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு எழுதிவைப்பார்கள். அதற்குக் குடும்பச் சீட்டு உண்டு, அதைக் காட்டித்தான் மனைவியோ தாயோ இங்கே பணம் வாங்குவார். 1844-இல் 47-ஆம் ரெஜிமெண்ட் சிந்துவுக்குப் புறப்பட்டபோது சென்னை அரசு கூடுதல் படி தருவதாகச் சொல்லியிருந்தது. கல்கத்தாவில் இருந்த மேலிடம் அதை ஏற்கவில்லை. பம்பாய் போய்ச் சேர்ந்தபின் விஷயம் தெரிந்து சிப்பாய்கள் கொந்தளித்தார்கள். அதைக் கட்டுப்பாடு குலைந்த கதையாக மட்டும் படிப்பது அநியாயம் என்பது என் கருத்து. வீட்டுக்கு எழுதிவைத்தது போக மிஞ்சியதில்தான் அவர் அங்கே பிழைக்க வேண்டும்.

சிப்பாயின் மகனைச் சிறுவனாக இருக்கும்போதே சிறு சம்பளத்தில் பட்டாளத்தில் பதிந்துகொள்ளும் ஏற்பாடும் சென்னைப் படையில் இருந்தது. தகப்பன் இறந்துபோன வீட்டுக்கு அதுதான் கஞ்சி. அப்பா, மகன், பேரன் மூவரும் ஒரே ரெஜிமெண்டில் இருந்ததாக வீட்டில் சொன்னால் நம்பலாம்.

இனித் தேடும் வழி. முதலில் ரெஜிமெண்ட் எண். பதக்கம் இருந்தால் விளிம்பைப் பாருங்கள். பெயரும் ரெஜிமெண்ட் எண்ணும் பொறித்திருக்கலாம். தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், எழுத்து போய்விடும். எண்ணில் ஏமாறும் இடங்கள் உண்டு. முன்பு ஒரு ரெஜிமெண்டில் இரண்டு பட்டாலியன்கள் (படைப் பிரிவுகள்) இருந்தன. 1824-இல் அவற்றைப் பிரித்துத் தனித்தனி எண் கொடுத்தார்கள், அதனால் அதற்கு முந்தைய '23' வேறு, பிந்தைய '23' வேறு. 1903-இல் பெரும்பாலானவற்றுக்கு 60 கூட்டினார்கள்: 73-ஆம் கர்நாடிக் ரெஜிமெண்ட் என்பது பழைய 13. 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பின் 1-ஆம் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனையும் 23-இன் இரண்டாம் பட்டாலியனையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

எண் கிடைத்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ராணுவத் துறை நடவடிக்கைகள், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ராணுவப் பதிவுகள். இணையத்தில் பெயரைத் தட்டினால் வருவது பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள்தான், அதில் ஏமாறாதீர்கள். பெயரின் ஆங்கில எழுத்தையும் மாற்றிப் பாருங்கள். 'சாமி' என்பதை எஸ், ஏ, டபிள்யூ, எம், ஒய் என்றும், 'முத்து'வை இரண்டு 'ஓ' போட்டும் எழுதினார்கள். கிறிஸ்தவக் குடும்பமானால் அந்தந்தக் கண்டோன்மெண்ட் (பட்டாளக் குடியிருப்பு) தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள்.

எண்ணே தெரியாதவர்கள் வீட்டுப் பெண்கள் பிறந்த ஊரிலிருந்து தொடங்குங்கள். நாக்பூர் பக்கத்துக் காம்ட்டி, செகந்திராபாத், பர்மாவின் மோல்மீன் போன்ற பட்டாள ஊர்களை யாராவது சொன்னால், அந்த ஆண்டுகளில் எந்தெந்த ரெஜிமெண்ட் அந்த ஊரில் இருந்தது என்று பார்த்தாலே பட்டியல் இரண்டு மூன்று எண்ணுக்குள் சுருங்கிவிடும்.